பள்ளி வழிபாட்டுக்குப் பிள்ளையை அனுப்ப மறுக்கலாமா?

கேள்வி: ஒரு மத அமைப்பு நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியில் என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வாரம் ஒருநாள் எல்லாப் பிள்ளைகளையும் வழிபாட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். நாங்கள் வேறு மதம். மதச்சார்பற்ற நாட்டில் பள்ளியில் வழிபாடே கூடாது என்கிறார் என் அண்ணன். சரியா? மறுத்தால் டி.சி. கொடுத்துவிடுவார்களா?

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது அமெரிக்காவின் அரசுப் பள்ளிகளுக்கான விதி. நியூயார்க் மாநிலத்தில் அரசுத் தரப்பு எழுதித் தந்த பிரார்த்தனையை, விரும்பாத பிள்ளைகள் விலகிக்கொள்ளலாம் என்றிருந்தும், 1962இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நம் ஊரில் மத அமைப்பு நடத்தும் உதவிபெறும் பள்ளிக்கும் அரசே ஆசிரியர் சம்பளம் தருகிறது. அந்த உறவுக்கு ஓர் எல்லை உண்டு. அது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவில் இருக்கிறது.

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது நிதியுதவி பெறும் பள்ளியில் நடத்தலாம். ஆனால் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் அதில் உட்காரவைக்கக் கூடாது, வழிபாட்டுக்கும் அழைத்துப்போகக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் ஒப்புதல் தரவேண்டியவர் பெற்றோர். அந்த ‘அல்லது’ முக்கியம்: உதவி வாங்காமல் அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சிறுபான்மைப் பள்ளி என்பதும் விலக்கு ஆகாது.

பலர் சறுக்குவது சேர்க்கைப் படிவத்தில்தான். ‘பள்ளியின் எல்லா நிகழ்ச்சிகளிலும் கலந்துகொள்ளச் சம்மதம்’ என்ற வரிக்குக் கீழே படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்போம். அதை எடுத்துக் காட்டுவார்கள். ஆகவே தலைமை ஆசிரியருக்கு இப்படி எழுதுங்கள்:

“மதபோதனையிலும் வழிபாட்டிலும் என் மகள் கலந்துகொள்ள நான் ஒப்புதல் தரவில்லை. முன்பு கையெழுத்திட்ட படிவத்தில் அப்படி ஒப்புதல் இருந்தால் திரும்பப் பெறுகிறேன். அந்த நேரத்தில் அவள் ஆசிரியர் கண்காணிப்பில் நூலகத்தில் இருக்க ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.”

இவ்வளவு போதும். அவர்கள் மதத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அந்த ஒரு சொல்தான் சண்டையாக வளரும். நகலில் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். வாசலில் நின்று ஆசிரியரிடம் வாதாடும் வேலையைப் பிள்ளையிடம் விடாதீர்கள். பதில் வராவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். அதன்பிறகு உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ், உரிமையைக் காக்கக் கோரும் ரிட் மனு.

பாடப்புத்தகத்தில் புத்தரையும் இயேசுவையும் நபிகளையும் பற்றிப் படிப்பது வேறு. மதங்களைப் பற்றிய கல்வி மதபோதனை ஆகாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்தப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டால் உங்கள் மனு பலவீனப்படும்.

டி.சி. பற்றி: கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற முடியாது. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பால் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே 28ஆம் பிரிவை வைத்தே வாதாட வேண்டும். முன்னுதாரணமாகக் கேரள வழக்கு ஒன்று இருக்கிறது. தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும், தங்கள் மத நம்பிக்கையால் பாடாத மூன்று உடன்பிறந்த பிள்ளைகளை 1985இல் பள்ளி வெளியேற்றியது. மறு ஆண்டே, அவர்களைத் திரும்பச் சேர்க்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.