மூடி வைத்த புக்கைச் சட்டி

கேள்வி: புத்தளத்திலிருந்து திரும்பி வந்த ஒரு ராத்தா எங்கள் ஒழுங்கையில் வீடு கட்டியிருக்கிறா. முஸ்லிம்களுக்குப் புதுவருடம் என்று மகள் சொன்னாள். பத்து நாள் பிந்திவிட்டது, பரவாயில்லை என்று சர்க்கரைப் புக்கை பொங்கிக் கொண்டு போனேன். சட்டியை வாங்கி மூடி வைத்தா. எனக்குத் தேத்தண்ணி தந்தா, தான் குடிக்கவில்லை. பிழை ஏதும் விட்டேனா? - வாசகி, முள்ளியவளை

பதில்: ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி. ராத்தா அன்றைக்கு நோன்பாக இருந்திருப்பா.

இஸ்லாமிய ஆண்டின் முதல் மாதம் முஹர்ரம். போர் விலக்கப்பட்ட நான்கு புனித மாதங்களில் ஒன்று. அதன் பத்தாம் நாள் ஆஷூரா. எகிப்து மன்னன் பிர்அவ்னிடமிருந்து மூஸா நபியும் அவர் மக்களும் தப்பிய நாள் என்று நன்றியோடு நோன்பு பிடிப்பார்கள். ஒன்பதாம் நாளையும் சேர்த்துப் பிடிப்பவர்கள் உண்டு. நபியின் பேரர் ஹுஸைன் 680ஆம் ஆண்டு கர்பலாவில் கொல்லப்பட்டதும் இதே நாளில்தான். ஆகவே பெருநாள் மாதிரிப் பலகாரமும் புது உடுப்பும் இதற்கு இல்லை. லீவும் இல்லை, பாருங்கள்.

புதுவருடம் என்றீர்களே, அந்த ஆண்டுக்கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? நபியின் பிறப்பிலிருந்து அல்ல, வென்ற போரிலிருந்தும் அல்ல. 622இல் நபியும் அவரைப் பின்பற்றியவர்களும் மக்காவில் இருக்க விடாமல் மதீனாவுக்குப் போனார்களே, ஹிஜ்ரத் என்கிற அந்த இடப்பெயர்விலிருந்து. நபிக்குப் பின் ஆட்சி செய்த கலீஃபா உமர் காலத்தில் அப்படித் தீர்மானித்தார்கள். வன்னியில் நாங்களும் பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால் "இடம்பெயர்ந்து போன வருசம்" என்றுதானே தொடங்குகிறோம்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன முஸ்லிம் குடும்பம் என்றால் ராத்தாவுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கும். அதை நீங்களாகக் கிளற வேண்டாம். அவவாகச் சொன்னால் இருந்து கேளுங்கள்.

சரி, அடுத்த முறைக்கு. பிறைக்கணக்கு என்பதால் இந்த நாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். திகதியை அவவிடமே கேளுங்கள். பொழுதுபடுகிற நேரம் போனால் நோன்பு திறக்கையில் சேர்ந்து சாப்பிடலாம். புக்கை வீட்டில் பொங்கியதாக இருக்கட்டும். கோயிலில் படைத்ததைப் பலர் சாப்பிடமாட்டார்கள், முகத்துக்கு நேரே சொல்லவும் கூச்சப்படுவார்கள்.

சட்டி இன்னும் அங்கேதானே? அதை வாங்கப் போகிற சாட்டில் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்.