சரிவு நிலத்தில் படத்தைச் சமன்படுத்துவது எப்படி?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே உள்ள தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். கைத்தொலைபேசியாலும், நண்பரிடம் இரவல் வாங்கிய கமராவாலும் இரண்டு வருடங்களாகப் படம் எடுத்து வருகிறேன். சட்டகத்தை மூன்றாகப் பிரித்து, முக்கியமானதைக் கோட்டின் மேல் வைக்கும் விதியைத் தவறாமல் கடைப்பிடிக்கிறேன். அடிவானத்தையும் பிறகு நேராக்கிவிடுகிறேன். ஆனாலும் என் படங்கள் ஒரு பக்கமாகச் சரிந்து விழுவது போலவே தோன்றுகின்றன. கொழுந்து பறிக்கும் பெண்கள், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில், லயத்து வாசலில் என் அம்மாயி ஆகிய மூன்று படங்களை அனுப்பியுள்ளேன். எங்கே பிழை விடுகிறேன்?

பதில்: மூன்று படங்களையும் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பலமுறை பார்த்தேன். நீங்கள் அடிவானம் என்று நினைத்து நேராக்கியது அடிவானமே அல்ல. அது எதிர்மலையின் முகடு. கடற்கரையில் நிற்பவருக்கு அடிவானம் மட்டக்கோடாகக் கிடைக்கும். மலையகத்தில் முகடு மட்டமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதை இழுத்து நேராக்கும்போது, உண்மையில் நிமிர்ந்து நிற்கும் நிழல்மரங்களும் மனிதர்களும் சாய்ந்து போகிறார்கள். உங்கள் முதற்படத்தில் நடந்திருப்பது அதுதான். இனிமேல் முகட்டைப் பார்க்காமல், கிறவில்லியா மரத்தின் தண்டையோ, ஸ்டோர் கட்டடத்தின் சுவர் மூலையையோ தூக்குநூலாகக் கொள்ளுங்கள். கமராவை மேல்நோக்கிப் பிடித்தால் ஓரங்களில் உள்ள மரங்கள் உள்நோக்கிச் சாய்ந்து தெரியும் என்பதால், சட்டகத்தின் நடுவுக்கு அண்மையில் நிற்கும் தண்டையே நம்ப வேண்டும்.

இதைச் சரிசெய்த பின்னும் சரிவு உணர்வு முழுவதுமாகப் போகாது. அதற்குக் காரணம் காட்சி எடை. ஒரு பொருள் பார்ப்பவரின் கண்ணை எவ்வளவு பலமாகத் தன்பக்கம் இழுக்கிறதோ, அதுவே படத்தில் அதன் எடை. நிலத்தில் அதன் பாரம் எவ்வளவு என்பது இங்கே கணக்கில் வராது. ஒரு மலை முழுவதும் மங்கலான பச்சையாகக் கிடந்தால் அது இலேசானது. அதன் நடுவே சிவப்புச் சேலை உடுத்திய ஒரு பெண் நின்றால் கண் மலையை விட்டுவிட்டு அவரிடம் போய்விடும். பெரியது, சுற்றுப்புறத்தைவிட மிக வெளிச்சமானது அல்லது மிக இருண்டது, சிவப்பு மஞ்சள் போன்ற அழுத்தமான நிறமுடையது, கூர்மையாகத் தெரிவது ஆகியவை கனமானவை. இவை எல்லாவற்றையும்விடக் கனமானவை மனித முகமும், முகத்தில் கண்ணும், வாசிக்கக்கூடிய எழுத்தும் ஆகும்.

எடையோடு தூரமும் சேரும். பழைய காலத்துத் தூக்குக்கோலை நினைத்துப் பாருங்கள்: கோலின் குட்டைப் பக்கத்தில் கனத்த மூட்டை தொங்கும், நீண்ட பக்கத்தில் சிறிய படிக்கல்லைத் தள்ளித் தள்ளி வைத்தே அதைச் சமன் செய்வார்கள். பத்துக் கிலோ மூட்டை பிடியிலிருந்து ஓர் அங்குலத்தில் தொங்கினால், ஒரு கிலோக் கல் பத்து அங்குலத்தில் நின்று அதைத் தாங்கும். சட்டகத்தின் நடுவே அந்தப் பிடி. நடுவுக்குச் சற்று இடப்பக்கமாகப் பெரிய பாறை இருந்தால், வலது ஓரத்தில் தொலைவில் தெரியும் வெள்ளைக் கோவில் கோபுரம் ஒன்றே போதும். கண்ணின் நிறுவை தராசைப் போல் துல்லியமானது அன்று; ஆனால் போக்கு அதுவே. மூன்றில் ஒரு பங்கு விதி உங்களைக் கைவிட்டதும் இதனால்தான்: முக்கியமானதை எங்கே வைக்கலாம் என்று அது சொல்கிறதே தவிர, மீதி இரண்டு பங்கில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு இழுக்கிறது என்று சொல்வதில்லை.

இப்போது கொழுந்து பறிக்கும் பெண்களின் படத்துக்கு வருகிறேன். அவர்கள் இடது கீழ்ப்பகுதியில் இருப்பதால் இடப்பக்கம் கனத்துவிட்டது என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகவே தெரிகிறது. மலை இடது மேலிருந்து வலது கீழாக இறங்குகிறது. தமிழை இடமிருந்து வலமாக வாசித்துப் பழகிய கண்ணும் அந்தத் திசையிலேயே இறங்குகிறது. பெண்கள் மூவரும் வலப்பக்கமாக, பள்ளத்தை நோக்கியே குனிந்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு வலது மேல் மூலையில் விவரம் எதுவுமின்றி வெளுத்துப்போன வானம் சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கிறது. சரிவு, பார்வை, வெளிச்சம் ஆகிய மூன்றும் ஒரே திசையில் இழுக்கும்போது, பெண்களை எந்தக் கோட்டின் மேல் வைத்தாலும் படம் வலப்பக்கமாகவே வழுக்கும்.

இத்தகைய நிலையில் பெரும்பாலானோர் காலியான பக்கத்தில் எதையாவது சேர்க்கத் தேடுகிறார்கள். நான் முதலில் குறைக்கவே சொல்வேன். கமராவைச் சற்றே தாழ்த்தி வானத்தை ஒரு மெல்லிய பட்டையாக்குங்கள். கமராவுக்குள் விழும் ஒளியளவை அரை முதல் ஒரு படி வரை குறைத்தால் (ஒரு படி குறைத்தால் ஒளி பாதியாகும்) அந்த வெண்மையின் இழுவையும் தணியும். அடுத்து, பெண்களில் ஒருவர் நிமிர்ந்து மேட்டுப் பக்கம் திரும்பும் கணத்துக்காகக் காத்திருங்கள். கூடைக்குள் கொழுந்தை வீசும்போதோ, அடுத்த நிரையில் நிற்பவரோடு பேசும்போதோ அது கட்டாயம் நடக்கும். மேட்டை நோக்கும் ஒரு முகம், இறங்கும் சரிவு முழுவதையும் நிறுத்திப் பிடிக்கக்கூடியது. அதுவும் வாய்க்காவிட்டால் நீங்களே பத்துப் பதினைந்து அடி நகர்ந்து, வலது ஓரத்தில் ஒரு நிழல்மரத் தண்டு உள்ளே வரும்படி நில்லுங்கள். சரிவுக்கு அது முட்டுக் கொடுக்கும். நிரைக்குள் இறங்கும் முன் அவர்களிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். அன்றைய நிறையை எட்டுவதற்காக வேலை செய்பவர்களைப் படத்துக்காக நிறுத்தி வைப்பது நியாயமாகாது.

மூடுபனியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மலையகத்தில் படம் எடுப்பவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை என்பதால் சொல்கிறேன். காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து, தொலைவிலுள்ளவற்றின் மீது வெளிறிய திரையைப் போடுகின்றன. இருள் வெளுக்கிறது, நிறம் சாம்புகிறது, விளிம்பு மழுங்குகிறது. அதாவது எடையைத் தரும் பண்புகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. வெயிலில் சட்டகத்தையே அமுக்கிய எதிர்மலை, பனியில் பாரமற்றுப்போகிறது. அப்போது அருகிலுள்ள ஒற்றைத் தேயிலைச் செடியே அந்தப் பக்கத்துக்குப் போதிய எடையாகிறது. ஆகவே வெயிலில் சரியாக இருந்த அமைப்பைப் பனியில் அப்படியே திரும்ப எடுக்காமல், புதிதாக நிறுத்துப் பார்க்க வேண்டும். பனியைக் கமரா சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், இங்கே ஒளியளவைக் குறைக்காமல் அரை முதல் ஒரு படி கூட்ட வேண்டும்.

பாலத்துப் படத்தில் சொல்ல வேண்டியது குறைவு. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட, இரும்புச் சட்டங்கள் இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சிமெந்தாலும் எழுந்த அந்தப் பாலம் ஏறத்தாழ 24 மீட்டர் உயரமானது. ஆயினும் உங்கள் படத்தில் அது மங்கிய பழுப்பாக, இலேசாகவே இருக்கிறது. நீல ரயில்தான் கனம். அதன் இயந்திரம் வலது விளிம்பைத் தொடும்போது பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். ஓடும் பொருளுக்கு முன்னால் வெற்றிடம் இல்லாததால் கண் அதனோடு சேர்ந்து வெளியே போய்விடுகிறது. இயந்திரம் பாலத்தின் நடுவைத் தாண்டும் முன்பே எடுங்கள். இடது ஓரத்தில் மஞ்சள் மழைக்கோட்டு அணிந்து நிற்கும் பயணி சிறியவர்தான். ஆனால் தூக்குக்கோலின் நுனியில் நிற்கிறார். அவரை வெட்டிவிடலாம்.

எடுத்த படத்தைச் சோதிக்க, தொலைபேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பெண், ரயில், மலை என்ற அர்த்தங்கள் தளர்ந்து, வெறும் திட்டுகள் மட்டும் மிஞ்சும். பிறகு ஒரு பிரதியைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். அப்போது சரிவு உணர்வு மறைந்தால் தொல்லை நிறத்தில் இருக்கிறது; மறையாவிட்டால் வெளிச்சத்திலோ கோட்டிலோ இருக்கிறது. எல்லாப் படத்தையும் சமப்படுத்த வேண்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். மண்சரிவு விளிம்பில் நிற்கும் லயத்தை அமைதியாகச் சமன்செய்து காட்டினால், அங்கே உறங்குபவர்களின் அச்சத்தை அந்தப் படம் மறைத்துவிடும். அங்கே படம் சரியத்தான் வேண்டும்.

அம்மாயியின் படம் மூன்றிலும் சிறந்தது. அவரை நடுவில் நிறுத்தியதில் தவறில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கும் நாட்காட்டியின் எழுத்துகளும் நீல நிறத் தண்ணீர்த் தாங்கியும் அவர் முகத்தோடு போட்டியிடுகின்றன. உங்களுக்கு அருகிலேயே ஓர் ஆசான் உறங்குகிறார்: முகப்படங்களுக்குப் பெயர்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன், 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் மறைந்து, பொகவந்தலாவை சென்மேரீஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். அவருடைய பல படங்களில் இருட்டிலிருந்து ஒரு முகம் மட்டும் வெளிச்சத்துக்கு வரும். போட்டியிட வேறு எதுவும் இராது. காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் அம்மாயியை வாசலின் இடது நிலையோரமாக உட்காரச் சொல்லுங்கள். வெளிச்சம் முகத்தில் மட்டும் விழட்டும். வலப்பக்கம் காம்பராவின் இருட்டு அப்படியே கிடக்கட்டும். அவர் அந்த இருட்டின் பக்கமாகச் சற்றுத் திரும்பிப் பார்த்தால், எதிர்ப்பக்கத்துக்கு வேண்டிய எடை அந்தப் பார்வையிலேயே கிடைத்துவிடும். நாட்காட்டியை மட்டும் ஐந்து நிமிடத்துக்குக் கழற்றி வையுங்கள்.