பையன் எழுந்து போனதில் தப்பில்லை

குடும்ப ஆலோசகர் சொன்னபடி, வீட்டு விஷயங்களை எல்லோரும் உட்கார்ந்து பேசும் குடும்பக் கூட்டத்தை ஞாயிறுதோறும் போட்டீர்கள். இரண்டாவது வாரமே பத்தாம் வகுப்புப் பையன் பாதியில் எழுந்து போய்விட்டான் என்கிறீர்கள். எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா ஆரம்பித்தால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

இந்த முறையைப் பரப்பியவர், உளவியலாளர் ஆல்ஃப்ரெட் ஆட்லரின் மாணவர் ருடால்ஃப் டிரைகர்ஸ். பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் சமமான குரல், முறைவைத்து மாறும் தலைமை என்பதுதான் அதன் அடிப்படை.

அம்பத்தூரில் எங்கள் வீட்டிலும் முதலில் இதே கதைதான். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். பேச வேண்டியதை வாரம் முழுக்க யாரும் எழுதலாம். மகள் எழுதிய முதல் வரி: “தண்ணீர் லாரி வந்தால் குடம் தூக்குவது ஏன் எப்போதும் நான்?” அன்று அவளே தலைவர். என் மாமியார்கூடக் கை தூக்கி அனுமதி கேட்டுத்தான் பேசினார்! இருபது நிமிடம், அப்புறம் வாழைக்காய் பஜ்ஜி.

மதிப்பெண் பேச்சை ஒரு மாதம் கூட்டத்துக்கு வெளியே வையுங்கள். வாக்கெடுப்பும் வேண்டாம், தோற்றவர் மனதில் வைத்துக்கொள்வார். முடிவு எட்டாவிட்டால் அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். கைநீட்டும் அளவுக்குப் போனால் மட்டும் வீட்டில் தொடராமல் ஆலோசகர் முன்னிலையில் பேசுங்கள்.