சங்கானையின் கூரையில்லாத் தேவாலயம்

கேள்வி: சங்கானையில் கூரையில்லாமல் நிற்கும் பழைய தேவாலயம் யார் கட்டியது? திருத்திப் பாவிக்க ஏலாதா?
– வாசகி, பண்டத்தரிப்பு

பதில்: போர்த்துக்கேயர் காலத்தது, தங்கச்சி. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அதைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கோ. சாந்து உதிர்ந்த இடத்தில் முருகைக்கல் தெரியும்; தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னக் கண்கள். கடலுக்குள் உயிரோடு வளர்ந்த கல்! அதைத் தொட்டுப் பார்க்காமல் நான் ஒருநாளும் திரும்பினதில்லை.

இப்போது தொல்லியல் திணைக்களத்தின் பாதுகாப்பில் இருப்பதால் அனுமதியின்றி ஒரு கல்லையும் அசைக்க ஏலாது. அதுதான் சரி. ஆசைக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுக் கல் பொரிந்துபோகும். சுண்ணாம்புச் சாந்துதான் அதற்குப் பொருந்தும். சுவர் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்திருக்கக் கண்டால் உடனே திணைக்களத்துக்கு அறிவியுங்கோ.