வாசகர் கேள்வி – பதில்: விற்றுவிட்ட ஈயப் படை

கேள்வி: நான் தேவகோட்டைக்காரன், எழுபதைத் தாண்டியவன். இளமையில் பினாங்கில் வேலை பார்த்தபோது, மேசைமேல் போர் விளையாட்டு ஆடும் நண்பர்களோடு பழகி, ஓர் அங்குல உயரமுள்ள உலோகச் சிப்பாய்களை இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்து ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டினேன். பெரும்பகுதி நெப்போலியன் காலத்துப் படைகள். அவற்றோடு, காளையார்கோயில் போருக்காக மெட்ராஸ் சிப்பாய்களையும் மருது பாண்டியர் வீரர்களையும் நானே வெட்டியும் ஒட்டியும் உருவாக்கினேன். குண்டூசியைத் தட்டி வளைத்து, அவர்கள் எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதமான வளரி செய்தேன். பங்காளிகளுக்குள் வீடு பிரிந்தபோது வைக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் கொடுத்துவிட்டேன். அண்மையில் காரைக்குடியில் ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியில் என் வளரி வீரர்கள் மூவர், ‘வெள்ளைக்காரர் காலத்துப் பொம்மை’ என்ற சீட்டுடன் நிற்கக் கண்டேன். அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. வீட்டில் சிரிக்கிறார்கள். திரும்ப வாங்கலாமா?

பதில்: அந்த மூவரையும் வாங்குங்கள். மற்றவற்றைத் தேடிப் போகாதீர்கள்.

முதலில் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் காலத்துச் சிப்பாய்ப் பொம்மை என்று கடைக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பது, லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் 1893-இல் வார்க்கத் தொடங்கிய, உள்ளே கூடான ஈயப் பொம்மைகளாக இருக்கும். அவை 54 மில்லிமீட்டர் உயரம்; எடை குறைவு; வார்க்கும்போது மிகுதி ஈயம் வடிந்து வெளியேற விட்ட சிறு துளை உடம்பில் எங்காவது தென்படும். எச்.ஜி.வெல்ஸ் 1913-இல் விதிமுறைகள் எழுதி நூலாக வெளியிட்ட விளையாட்டு, இந்தப் பெரிய பொம்மைகளைத் தரையில் நிறுத்தி, வில்சுருள் பீரங்கியால் மரக்குச்சியை எய்து வீழ்த்துவதுதான். பிரஷ்ய ராணுவம் 1824-இல் தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்ட போர் விளையாட்டிலோ பொம்மையே கிடையாது. வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்தினார்கள். உங்களிடம் இருந்தவை போன்ற, 25 மில்லிமீட்டர் அளவில் உள்ளும் புறமும் கெட்டியாக வார்த்த சிப்பாய்கள், இந்தப் பொழுதுபோக்கு இங்கிலாந்தில் பரவிய 1960-களிலும் அதன் பிறகும் பெருகியவை. டொனால்டு ஃபெதர்ஸ்டோன் 1962-இல் எழுதிய நூல் அந்தப் பரவலுக்குப் பெரிதும் காரணம். ஆகவே உங்கள் வளரி வீரர் எந்த வெள்ளைக்காரத் துரையின் பிள்ளையும் விளையாடிய பொம்மை அல்லர். கடைக்காரரிடம் ஒன்றைக் கவிழ்த்துக் காட்டுங்கள்; துளை இல்லாததும், அளவுக்கு மீறிய கனமும், குண்டூசியில் சுத்தியல் பட்ட தட்டையும் போதும். சீட்டு தவறு என்று முதலில் சொன்னால் விலை இறங்கும். ‘இவை என் கையால் செய்தவை’ என்று முதலில் சொன்னால் விலை ஏறும். எதை முதலில் சொல்வது என்று தேவகோட்டைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி மனத்தைப் பற்றி. வீட்டார் சிரிப்பதற்குக் காரணம், அவர்கள் கண்ணில் இவை விளையாட்டுச் சாமான்கள் என்பதே. ஒரு படைப்பிரிவுக்கு வண்ணம் தீட்டுவது எத்தகைய வேலை என்று அவர்கள் பார்த்ததில்லை. கறுப்பு அடிப்பூச்சு காய்ந்தபின் சட்டைக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பின் மேல், மடிப்பின் பள்ளத்தில் கறுப்பு மட்டும் கோடாக நிற்கும்படி இன்னொரு சிவப்பு. பிறகு மார்பில் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டைகள். கடைசியில் அந்தப் படைப்பிரிவை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் மணிக்கட்டு மடிப்பின் நிறம். இருபத்துநான்கு பேருக்கும் அது ஒரே சாயலில் இருக்க வேண்டும்; இருபதாவது ஆளில் டப்பா தீர்ந்தால் புதிய டப்பாவின் மஞ்சள் சற்று மாறியே தீரும். அந்த மாற்றத்தைத் தீட்டியவர் தவிர வேறொருவர் கண்டுபிடிக்க மாட்டார். பணம் கொடுத்து வாங்கிய ஒன்றை விற்றதற்கும், இப்படி இரவிரவாகக் குனிந்து உட்கார்ந்து செய்த ஒன்றை விற்றதற்கும் வேறுபாடு உண்டு. உங்கள் வருத்தத்தில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை.

ஆனால் நெப்போலியன் காலத்துப் படைகளை மீட்க அலைவது வேறு. அவை கைமாறிக் கைமாறிச் சிதறியிருக்கும். ஒரு படைப்பிரிவில் ஐந்தாறு பேர் கிடைத்தால் மேசையில் நிறுத்தவும் உதவாது, பெட்டியில் வைக்கவும் மனம் ஒப்பாது. அச்சில் வார்த்தவை என்பதால் அவற்றைப் போன்ற வேறு சிப்பாய்கள் இன்றும் கிடைக்கும். வளரி வீரர் அப்படியல்லர். அவரை நீங்களே செய்தீர்கள். அவரோடு இந்த மண்ணும் சேர்ந்திருக்கிறது. 1801-இல் மருது பாண்டியரை எதிர்த்து வந்த கம்பெனித் தளபதி கர்னல் அக்னியூவின் படை, காரைக்குடிக்கு அருகேயுள்ள சிறுவயலிலிருந்து காளையார்கோயில் வரை காட்டை வெட்டிப் பாதை போட முயன்று, வாரக்கணக்கில் அல்லல்பட்டு, கடைசியில் அதைக் கைவிட்டுத் திரும்பியது. அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், சின்ன மருதுவிடமே தாம் முன்பு வளரி எறியக் கற்றுக்கொண்டதைத் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் அதே சின்ன மருதுவை எதிர்த்துப் போனவரும் அவரேதான்.

காட்டுச் சண்டைக்கு மேசையில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் தேவையில்லை. பக்கத்துக்கு ஒரு டஜன் இருந்தால் ஒரு மாலை முழுதும் ஆடலாம். மூவர் கையில் வந்துவிட்டால் காற்பங்கு படை வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். எதிரே நிறுத்த, சிவப்புச் சட்டையும் தொடையளவு வெள்ளைக் கால்சட்டையுமாகச் சில மெட்ராஸ் சிப்பாய்களைப் புதிதாகத் தீட்டலாம். கண் முன்போல் ஒத்துழைக்காது. மேசை விளக்கோடு கூடிய உருப்பெருக்கிக் கண்ணாடி இப்போது எளிதில் கிடைக்கிறது.

கேள்வி: அப்பச்சி சேர்த்து வைத்த இத்தகைய சிப்பாய்கள் இரண்டாங்கட்டில் ஒரு மர அலமாரியில் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தன. திறந்து பார்த்தால் சிலவற்றின் காலடியில் வெள்ளை மாவு படிந்திருக்கிறது. எங்களில் யாருக்கும் இதில் ஈடுபாடு இல்லை, விற்றுவிட நினைக்கிறோம். எப்படி விற்பது? – கானாடுகாத்தான் வாசகி

பதில்: அந்த மாவைத் துணியால் உலர்வாகத் துடைக்காதீர்கள், வாயால் ஊதவும் கூடாது. அது ஈயக் கார்பனேட், நஞ்சு. மரமும் அட்டையும் மெல்ல வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி, மூடிய அலமாரிக்குள் தேங்கி, ஈரக்காற்றோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து ஈயத்தை அரிக்கிறது. ஈயம் மிகுந்த பழைய வார்ப்புகளில்தான் இது கடுமையாக வரும். 1990-களில் பல நிறுவனங்கள் ஈயம் கலவாத உலோகத்துக்கு மாறின. கையுறை அணிந்து, சற்றே ஈரமான தூரிகையால் மாவை எடுத்து, நன்றாக உலரவிட்டு, காற்றோட்டமுள்ள பாலிபுரோப்பிலீன் டப்பாவில் வையுங்கள். அரித்துப்போன கால் திரும்பி வராது. மாவு படிந்தவற்றை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. உங்கள் வீட்டுத் திருமணச் சாமான்களைப் பாத்திரம் பாத்திரமாகப் பட்டியல் எழுதி, பெயரின் முதலெழுத்துகளை வெட்டி வைத்திருப்பார்களே, அதே கவனம் இந்தப் படைக்கும் வேண்டும். எந்தச் சிப்பாய் எந்தப் படைப்பிரிவு, எந்தப் போருக்காகச் செய்தது, தீட்டியவர் யார் என்று எழுதுங்கள். அப்பச்சியின் குறிப்பேடோ, ஆண்டு எழுதிய சீட்டோ, தபால் ரசீதோ அலமாரியில் இருந்தால் அவற்றையும் உடன் கொடுங்கள். ஒவ்வொரு படைப்பிரிவையும் கலைக்காமல் ஒருவருக்கே விற்கப் பாருங்கள். உதிரியாக விற்றால் நாலு காசு கூடுதலாகக் கிடைக்கலாம்; ஆனால் அதன்பின் அது படையாக இராது, தேவகோட்டை வாசகர் கண்ட சீட்டைப் போல யாரோ எழுதும் பொய்ச்சீட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் இவற்றைச் சேகரிப்பவர்கள் புகைப்படம் கேட்பார்கள். அடிப்பக்கத்தையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள், நிறுவனத்தின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஈடுபாடு இல்லை என்கிறீர்கள். இருந்தாலும் ஒரு படைப்பிரிவை முழுதாக வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வகைக்கு ஒன்றாக எடுத்து வைப்பது வேண்டாம். அப்படி எடுத்தால் விற்கிற படைப்பிரிவு ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் குறையும், உங்களிடமும் ஒன்றோடொன்று சேராத சிப்பாய்களே மிஞ்சுவார்கள்.

கேள்வி: பழைய சிப்பாய்களை வாங்கி, மங்கிய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தீட்டலாமா? – பள்ளத்தூர் வாசகர்

பதில்: பெயர் தெரியாத கையால் அலங்கோலமாகப் பூசியதென்றால் தீட்டுங்கள். ஒருவர் கவனமாகத் தீட்டியதென்றால், மங்கல் பெரும்பாலும் பழுத்த வார்னிஷில்தான் இருக்கும். கீழேயுள்ள வண்ணத்தில் இராது. அதைத் தொடாமல், தூசியை மட்டும் மென்மையான தூரிகையால் தட்டி விடுங்கள்.