வேதம் – கேள்வி பதில்: பொருளாளருக்குப் பிடிக்காத வசனம்

கேள்வி: அறுப்பின் பண்டிகைக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குறித்த பகுதி யாக்கோபு 5:1–6. கூலி பற்றிய நாலாம் வசனத்தைத் தொடாமல் ‘நன்றி’ என்று பேசிவிடுங்கள் என்கிறார் பொருளாளர். அவருக்கும் இரண்டு மூப்பர்களுக்கும் நிலம் இருக்கிறது. ஆலயக் கூரை வேலைக்குப் பணம் தருவதும் அவர்கள்தான். என்ன செய்ய?
– ஓர் உபதேசியார், குத்தாலம்

பதில்: பகுதியை மாற்றாதீர்கள். நன்றி நல்ல பொருள்தான். ஆனால் ஒருவர் முகத்துக்காக வசனத்தை ஒதுக்கினால், அன்று பிரசங்கம் பண்ணியவர் நீங்களல்ல, பொருளாளர்.

முதலில் ஆறு வசனத்தையும் சத்தமாக வாசியுங்கள். யாக்கோபு ஐசுவரியவான்கள் மேல் வைக்கும் குற்றங்கள் நான்கு: சேர்த்து வைத்துத் துருப்பிடிக்க விட்டது, வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துக்கொண்டது, சுகபோகமாய் வாழ்ந்தது, நீதிமானைக் கொன்றது. பிறகு லேவியராகமம் 19:13: கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது. உபாகமம் 24:15 இன்னும் கறார்; பொழுது போகுமுன் கொடு என்கிறது.

அடுத்து நம் ஊர். நடவுக்கூலியும் களையெடுத்த கூலியும் “கொள்முதல் நிலையத்துல பணம் ஏறட்டும்” என்று தள்ளிப்போவது உங்களுக்குத் தெரியும். இங்கே நிதானம் வேண்டும். நெல்லின் ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டியது, சாக்கு வரவில்லை என்று மூட்டையோடு காத்துக் கிடக்கும் குத்தகைக்காரரும், கையில் பணம் இருந்தும் இழுத்தடிப்பவரும் ஒன்றல்ல. யாக்கோபு சாடுவது இரண்டாமவரை. இருவரையும் சேர்த்து அடித்தால் வசனத்தில் இல்லாததைச் சொன்னவராவீர்கள்.

பெரும்பாலும் சறுக்குகிற இடம், கூலியை ‘ஆவிக்குரிய அறுவடை’ ஆக்கிவிடுவது. கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள், ஒருவருக்கும் உறைக்காது. கூலி என்றால் காசும் நெல்லும்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னால் இருந்தது விவசாயத் தொழிலாளர்களின் கூலிப் போராட்டம். கிறிஸ்துமஸ் இரவு அது. இந்த மண்ணில் நின்றுகொண்டு அந்த வசனத்துக்கு வேறு அர்த்தம் தேட வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்குமுன் பொருளாளரைத் தனியாகப் பாருங்கள், அனுமதி கேட்க அல்ல. “அண்ணே, நாலாம் வசனத்தைச் சொல்லத்தான் போறேன். உங்க பேரோ உங்க வயலோ வராது” என்றால் போதும். சொன்னபடியே, பீடத்திலிருந்து அவர் பக்கம் பார்க்காதீர்கள்; ‘நமக்குள்ளே ஒருவர்’ என்ற பேச்சும் வேண்டாம். அந்தப் பகுதியை மட்டும் எழுதிவைத்து வாசியுங்கள். பயம் வந்தால் நாக்கு ஒன்று மன்னிப்புக் கேட்கும், இல்லாவிட்டால் கத்தும்.

இன்னொன்று. பின்வரிசையில் கூலியாட்கள் உற்சாகமாக ‘ஆமென்’ போட்டால் அதற்காகக் காரத்தைக் கூட்டாதீர்கள். அதுவும் மனுஷரைப் பிரியப்படுத்துவதுதான். கலாத்தியர் 1:10 பணக்காரரை மட்டும் மனதில் வைத்து எழுதப்படவில்லை.

கேள்வி: எதிர்ப்பு வந்தாலே சத்தியத்தைச் சொன்னோம் என்று அர்த்தமா?
– ஒரு வாசகர், தரங்கம்பாடி

பதில்: இல்லை. வசைக்கும் எதிர்ப்பு வரும். உங்கள் ஊர் டேன்ஸ்போர்க் கோட்டையில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை 1708–09இல் சுமார் நான்கு மாதம் அடைத்தது டேனிஷ் தளபதியேதான். ஆனால் சிறைக்குப் போனவரெல்லாம் சீகன்பால்கு ஆகிவிட மாட்டார். எரேமியா 28:6ஐப் பாருங்கள். சமாதானம் வரும் என்று கள்ளத் தீர்க்கதரிசி அனனியா பொய்யாய்ச் சொன்னபோது, ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்றுதான் எரேமியா தொடங்குகிறார். கேட்கிறவர்களுக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இல்லையென்றால் கொஞ்ச நாள் பேசாமலிருங்கள்.

கேள்வி: தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி வார்டில் ஜெபிக்கப் போகிறேன். “குணமாகும்னு கர்த்தர் சொன்னார்னு சொல்லுங்கக்கா” என்று கெஞ்சுகிறார்கள். மறுக்க மனம் வரவில்லை.
– ஊழியம் செய்யும் சகோதரி, ஒரத்தநாடு

பதில்: “குணமாக்கும்படி கர்த்தரிடம் கேட்கிறேன்” என்று தாராளமாகச் சொல்லலாம். “கர்த்தர் சொன்னார்” என்பது வேறு. அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது. பவுல் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடேயே விட்டுவந்ததை மறைக்காமல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). நோயாளி பிழைக்காமல் போனால், ‘உங்களுக்கு விசுவாசம் பத்தவில்லை’ என்ற பழி அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும். சங்கீதம் 23ஐ மெதுவாக வாசியுங்கள், சுருக்கமாக ஜெபியுங்கள், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பேச்சு யாரிடமிருந்து வந்தாலும் அங்கேயே மறுத்துவிடுங்கள்.