விசிறி சுழல்கிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை: எதை முதலில் பார்ப்பது?
புதிதாகக் கோத்த கணினியில் விசிறிகள் சுழன்றும் திரை இருண்டே கிடப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) பழுதென்று அவசரப்பட்டு முடிவுகட்டிவிடாதீர்கள். பிராசஸருக்கு அருகே, போர்டின் மேல் ஓரத்தில் உள்ள 8 முனை மின் இணைப்பைச் செருக மறந்தாலும் விசிறிகள் சுழலத்தான் செய்யும் என்பதால், முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்தது ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம். மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, நான்கு ஸ்லாட் உள்ள போர்டானால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில், ஒரே ஒரு ராமை மட்டும் தாழ் ‘டக்’கென்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். உங்கள் ராம் டிடிஆர்5 என்ற வகை என்றால் முதல் முறை இயங்கும்போது சில நிமிடங்கள் திரை இருண்டிருப்பது இயல்பே; அதற்குள் சுவிட்சை அணைத்துவிடக் கூடாது.

கடைசியாக, படத்தைத் திரைக்கு அனுப்பும் தனிக் கிராபிக்ஸ் கார்டு இருந்தால், திரையின் கேபிளை அதில்தான் செருக வேண்டும். குறிப்பாக, இன்டெலின் ‘எஃப்’ வகை பிராசஸர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால், மதர்போர்டில் செருகினால் படமே வராது.